உதவி கேட்பது இழிவா?

பிறரிடம் உதவி கேட்கும்போது மனிதன் தன் மானத்தில் எதையாவது இழக்கிறானா என்பது தமிழ் அறநூல்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் கேள்வி. திருக்குறள் கொடுப்பவரின் பக்கத்தை ஒப்புரவறிதல், ஈகை என்ற 22, 23ஆம் அதிகாரங்களில் சொல்கிறது. கேட்பவரின் பக்கம் வெகுதூரம் தள்ளி, பொருட்பாலின் இறுதிப் பகுதியில் வருகிறது. அங்கே 106ஆம் அதிகாரம் இரவு, 107ஆம் அதிகாரம் இரவச்சம். இருப்பதை ஒளிக்காத நல்லவரிடம் கேட்பதில் குறையில்லை என்பது முன்னதன் போக்கு. அப்படிப்பட்டவரிடமும் கேட்காமல் இருப்பதே மேல் என்பது அடுத்ததன் போக்கு. மானம் கெடாமல் கேட்பது ஒன்று, மானம் கெடும்படி கேட்பது வேறொன்று என்று பிரித்து, பரிமேலழகர் இந்த முரணைத் தீர்க்கிறார். அந்தப் பிரிவினை இன்றைக்கும் பயன்படக்கூடியது. கேட்பவரின் மானம் அவருடைய மனவலிமையை மட்டும் பொறுத்ததாக இருக்க முடியாது. யாரிடம், எந்த ஏற்பாட்டின் கீழ், என்ன கைம்மாறு எதிர்பார்க்கப்படும் நிலையில் அவர் கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் அது பொறுத்தது. சமூகப்பணியாளர் என்ற தொழில் தோன்றியதற்கான அறநெறிக் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். மானம் கெடாமல் கேட்பதற்கு ஓர் இடம் ஊரில் இருக்க வேண்டும் என்பதே அந்தக் காரணம்.

அப்படியோர் இடம் தேவைப்படும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், வங்கக்கடலுக்கும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டு காட்டுப்பள்ளி. அதன் தெற்கே எண்ணூர், வடக்கே பழவேற்காடு. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது; இப்போது அதன் பெயர் காமராசர் துறைமுகம். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கி, 2018இல் வேறொரு குழுமத்தின் கைக்கு மாறியது. கப்பல் கட்டும் தளத்துக்காகப் பழைய காட்டுப்பள்ளிக் கிராமத்தவர் தங்கள் கரையை விட்டு வேறிடம் பெயர்ந்தார்கள். மீனவக் குப்பங்கள், கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் குடும்பங்கள், வட மாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகைகளிலும் விடுதிகளிலும் தங்கி வேலை செய்யும் தொழிலாளர்கள் என மூன்று விதமான மக்கள் இந்தச் சிறு நிலத்தில் அருகருகே வாழ்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகமோ மேற்கே, வெகுதொலைவில், திருவள்ளூரில் இருக்கிறது.

இங்கே ஒருவருக்கு இடர் வந்தால் முதலில் போகும் இடங்கள் எவை என்பது ஊரறிந்த விஷயம். மீனவர் ஊர்ச் சபைக்குப் போவார். இன்னொருவர் கட்சிக்காரரிடம் போவார். வெளிமாநிலத் தொழிலாளி தன்னை அழைத்துவந்த மேஸ்திரியிடம் போவார். கோயில் தர்மகர்த்தா, பங்குத்தந்தை, பள்ளிவாசல் ஜமாத் என்று வேறு வாசல்களும் உண்டு. இவர்களில் பலர் உண்மையான இரக்கத்தோடு உதவுகிறவர்கள். அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் சபையிடம் உதவி பெற்றவர் நாளைக்குச் சபையின் தீர்ப்பை மறுத்துப் பேச முடியாது. கட்சிக்காரர் வாங்கிக் கொடுத்த கையெழுத்துக்குத் தேர்தலில் கணக்குத் தீர்க்க வேண்டும். மேஸ்திரி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் காலைக் கட்டும். செய்ந்நன்றி அறிதல் தமிழர் போற்றும் அறம். அதே அறம், வலியவர் கையில் எளியவரைக் கட்டும் கயிறாகவும் ஆகிவிடுகிறது.

இதைச் சமயங்கள் கவனிக்காமல் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கடன், கூட்டுத்தொழில், வேலை இவற்றின் வழியே ஒருவர் மறுபடி கேட்கவே தேவையில்லாதபடி செய்வதை உச்சியில் வைத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் நடக்கும் ஈகை அதற்கு அடுத்த படி. முகம் தெரியாவிட்டால் நன்றிக்கடனுக்கும் இடமில்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது சாதி, சமயம், ஒழுக்கம் எதையும் விசாரிக்காமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டார். காட்டுப்பள்ளிக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள திருவொற்றியூர், அவர் இளமையில் நாள்தோறும் நாடிய தலம். தகுதியறிந்து கொடு, இடமும் காலமும் பார்த்துக் கொடு என்னும் கீதை வழிக் கொள்கைக்கு அவருடைய அடுப்பு நேரெதிரான விடை. சமூகப்பணி வள்ளலாரின் இந்த மரபைச் சேர்ந்தது. வந்தவர் நல்லவரா, குடிப்பவரா, தன் கேட்டுக்குத் தானே காரணமா என்ற விசாரணை அதன் வாசலில் இல்லை, இருக்கவும் கூடாது.

கொடுப்பவரைப் பற்றி மணிமேகலை சொல்லும் ஆபுத்திரன் கதை இன்னும் ஆழமானது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது. நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதும் பசித்து வருபவர் இல்லாமல் போகிறார்கள். பசித்தவரைத் தேடிக் கப்பலேறியவன், ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். பெற ஆளில்லாத கொடை தன்னளவில் முழுமையடையாது என்பதைக் காப்பியம் ஒரு சாவின் மூலம் காட்டுகிறது. பெறுபவர் கொடுப்பவருக்குக் கீழே நிற்கிறார் என்ற எண்ணத்தை இதைவிட வலுவாக அசைத்த கதை தமிழில் இல்லை.

இந்த இடத்தில் தமிழ் மனம் ஒரு தடையைக் கிளப்பும். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது எப்படிச் சேவையாகும்? ஆபுத்திரனுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்வி. ஆனால் சம்பளமே பெறுபவரை விடுவிக்கிறது. வேலைக்கு ஊதியம் பெறுபவருக்கு வந்தவர் கடன்பட்டவர் ஆவதில்லை. வேலை சரியில்லை என்றால் மேலதிகாரியிடம் முறையிடலாம். அன்பினால் செய்பவரிடம் அப்படி முறையிட வாய் வராது. பழவேற்காட்டு முஸ்லிம்கள் தலைமுறைகளாக அறிந்த ஸகாத் முறையில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஸகாத் நிதியைப் பெறத்தக்கவர்கள் என்று திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அவர்களில் அந்த நிதியைத் திரட்டிப் பங்கிடும் பணியாளர்களும் சேர்வார்கள். செல்வரின் பொருளில் ஏழைக்கு உரிமை உண்டு என்று நம்பும் சமயம், அந்த உரிமையைக் கொண்டுசேர்ப்பவருக்கும் பிழைப்பு வேண்டும் என்பதை ஒளிக்காமல் ஏற்கிறது.

தொழிலாக இது உருவான வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் 1917இல் எழுதிய நூல், ஒரு குடும்பத்தின் இடரை எப்படி முறையாக விசாரித்து அறிவது என்பதற்கு அடித்தளமிட்டது. இந்தியாவில் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் மும்பையில் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கியது. சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952இல், மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் உருவானது. தத்துவ நோக்கில் முக்கியமானவர் சிகாகோவைச் சேர்ந்த சேசு சபைத் துறவி பீலிக்ஸ் பயஸ்டெக். 1957இல் வெளிவந்த அவருடைய நூல் ஏழு நெறிகளைச் சொல்கிறது. வந்தவரை உள்ளபடி ஏற்பது, குற்றம் சாட்டாதிருப்பது, கேட்டதை இரகசியமாகக் காப்பது, தம் வாழ்வு குறித்த முடிவை அவரே எடுக்க விடுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியக் காப்பும் தொழில்முறை ஒழுக்கமும் இந்த நூலில் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கின்றன.

சமூகப்பணியாளரைக் கண்டுபிடிப்பது காட்டுப்பள்ளி போன்ற இடத்தில் எளிதன்று. அந்தப் பெயர்ப்பலகை எங்கும் தொங்குவதில்லை. அரசுத் துறைகளுக்குள் வெவ்வேறு பதவிப் பெயர்களில் அவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு மாவட்ட சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரும், ஒருங்கிணைந்த சேவை மையத்தின் பணியாளர்களும் உண்டு; 181 என்ற எண்ணில் அழைத்தால் வழி காட்டுவார்கள். குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் சமூகப்பணி படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவிலும் மனநல சமூகப்பணியாளருக்கு இடமுண்டு. வழக்கு தொடர வசதியில்லாதவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதன் எண் 15100. இந்தச் சேவைகளுக்குக் கட்டணம் கிடையாது. ‘செலவுக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்பவர் எந்த அட்டை வைத்திருந்தாலும் இந்த வேலையைச் செய்பவராக மாட்டார். சமூகப்பணியாளர் அனைவரையும் பதிவு செய்து உரிமம் தரும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லாததால், சுவரொட்டியில் எவரும் தம்மைச் சமூக சேவகர் என்று போட்டுக்கொள்ளலாம். எந்த அலுவலகம், யாருக்குப் பதில் சொல்பவர், எழுதியதற்கு நகல் தருவாரா என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது கேட்பவரின் உரிமை.

அந்தப் பணி கிட்டத்தில் எப்படியிருக்கும் என்பதற்குக் கடலில் காணாமற்போன மீனவரின் மனைவியின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். படகு கவிழ்ந்தது, உடல் கரையொதுங்கவில்லை. கடலோரக் காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகார் மட்டும் இருக்கிறது. சாட்சியச் சட்டத்தின் பொது விதிப்படி, ஏழாண்டு காலம் தகவலே இல்லாதிருந்தால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்ள முடியும். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் விதவை ஓய்வூதியம் இல்லை, காப்பீடு இல்லை, வங்கியில் அவர் பெயரிலுள்ள பணமும் வராது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் அரசு காணாமற்போனவர் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தது. நூற்றுக்கணக்கானோர் ஒருசேரப் போனதாலும் கரையோர மக்கள் ஒன்றுதிரண்டு போராடியதாலும் அது நடந்தது. ஒற்றைப் படகில் போன ஒற்றை ஆளுக்கு அப்படி ஒரு வேகம் பிறப்பதில்லை.

தேர்ந்த சமூகப்பணியாளர் இவளிடம் மனுப்படிவத்தை முதலில் நீட்ட மாட்டார். வீட்டில் யார் யார், பிள்ளைகள் எந்த வகுப்பு, குடும்ப அட்டை யார் பெயரில், படகில் பங்கு உண்டா, கடன் யாரிடம், சபை ஏதாவது சொன்னதா என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்தக் கேள்விகளிலிருந்துதான் அவள் கேட்டுவராத வழிகள் தென்படும். பிழைப்பு முடங்கிய குடும்பத்தின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் வரை தரும் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு அப்படிப்பட்ட ஒன்று. அதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கப்போவதில்லை. பிறகு புகாரின் நகல், கூடப் போனவர்களின் வாக்குமூலம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றை வரிசைப்படுத்தி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி அவள் கையிலேயே கொடுப்பார். சீட்டு அவளிடம் இருப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் விவகாரம் இருக்கிறது என்பது அலுவலகங்களுக்கு நடந்து தேய்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. சமயமும் தத்துவமும் நேராகக் குறுக்கிடும் இடம் அது. கணவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. தாலி கழுத்தில் இருக்கிறது. எங்கோ ஒரு கரையில் ஒதுங்கியிருப்பார், திரும்பி வருவார் என்று நம்புகிறாள். அப்படித் திரும்பி வந்தவர்களின் கதைகள் எல்லாக் குப்பங்களிலும் உண்டு. சான்றிதழ் கேட்டு மனுப் போட்டால் தானே அவரைக் கொன்றதாகும் என்று நினைக்கிறாள். அவளுடைய நலனை நன்கறிந்த ஒருவர், பிள்ளைகளைக் காட்டி, கோபித்து, அவளைக் கையெழுத்துப் போட வைத்துவிடலாம். விளைவை மட்டும் அளக்கும் அறக்கோட்பாடு அதற்கு ஒப்புக்கொள்ளும். பயஸ்டெக்கின் நெறி ஒப்பாது. அவள் நம்பிக்கையின் மேல் அரசாணைக்கு அதிகாரமில்லை. அவளைச் சாவுக்குச் சாட்சி சொல்ல வைக்காமலே கிடைக்கக்கூடிய உதவிகளை முதலில் தேடுவதும், கால வரம்புகள் எப்போது முடிகின்றன என்பதை மறைக்காமல் சொல்வதும், அவள் தயாராகும் நாளில் காகிதங்கள் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் பணியாளரின் கடமை. இதில் நேரம் போகும், பண நட்டமும் வரும். அந்த நட்டத்தை ஏற்கத்தான் வேண்டும். ஒருத்தி எப்போது விதவையாவது என்பதை அவளைத் தவிர வேறு யாரும் முடிவு செய்யக்கூடாது.

தன்முடிவு என்ற நெறிக்கு எல்லையே இல்லையா? திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட நிகழ்வுகள் இந்தக் கேள்வியைக் கடுமையாக எழுப்புகின்றன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்து, அந்தக் கடனையும் செல்லாததாக்கியது. மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விடுதலைச் சான்று தர வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி, ஒரு லட்சம் ரூபாயிலிருந்து மூன்று லட்சம் வரை மறுவாழ்வு நிதி உண்டு. ஆனால் பணம் வந்துசேரும் வரை சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. ‘முதலாளி அண்ணன்கிட்டயே திரும்பிப் போறோம், அங்க அடுப்பாவது எரியும்’ என்று ஒருவர் சொன்னால் அதை அவருடைய சுதந்திரமான முடிவு என்று கொள்ளலாமா? வேறு வழி அடைக்கப்பட்ட இடத்தில் எடுக்கும் முடிவு முழு முடிவாகாது. அந்த முடிவை மதிக்கிறோம் என்று சொல்லி விலகுவதும் தவறு, மீறி இழுத்துவருவதும் தவறு. இன்னொரு வழியைத் திறந்து காட்டிய பிறகுதான் அவருடைய விருப்பத்தைக் கேட்பதற்கே அர்த்தம் உண்டாகும். முதல் மாதத்துக்கு அரிசி, தங்க ஓர் இடம், குழந்தைக்குப் பள்ளி, இனச்சான்று என்ற நான்கும் தத்துவ வாதத்தைவிட முந்தி வரவேண்டியவை.

காட்டுப்பள்ளி எழுப்பும் வேறொரு கேள்வி, தனிமனிதரின் இடருக்கும் ஊரின் இடருக்கும் உள்ள உறவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கசடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன, மீன் விற்கவில்லை. அரசு நிவாரணம் அறிவித்தது. படகையும் வலையையும் வைத்து இழப்பை எண்ணும் கணக்கில், பறி ஒன்றை மட்டும் உடைமையாகக் கொண்டவர் எளிதில் விடுபட்டுப்போவார். அவரைப் பட்டியலில் சேர்ப்பது சமூகப்பணி. ஆனால் வருமானம் போனதால் வீட்டில் சண்டை, குடி, கடன் என்று வருபவரிடம் குடும்ப ஆலோசனை மட்டும் பேசி அனுப்பினால் அது ஊரின் காயத்தை அவர் மனத்தின் கோளாறாக மாற்றிவிடும். எல்லாம் ஊழ் என்று ஆறுதல் சொல்லும் பழைய வழியும் இதே தவறைத்தான் செய்தது. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்த கையோடு நிற்கவில்லை. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தது.

யாருடைய சம்பளத்தில் பணியாளர் இருக்கிறார் என்பதும் அதனால் முக்கியமாகிறது. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. அந்த நிதியில் பள்ளிக் கழிப்பறையும் மருத்துவ முகாமும் நடக்கின்றன. சமூகப்பணி படித்த பலருக்கு வேலையும் கிடைக்கிறது. அவர்கள் செய்யும் நன்மை உண்மையானது. எனினும் ஒரு திட்டத்தை எதிர்க்க வேண்டிய நாளில், அந்தத் திட்டத்தின் உரிமையாளரிடம் சம்பளம் வாங்குபவரிடம் ஊர் தன் குறையைச் சொல்ல முடியாது. அவர் நல்லவராக இருந்தாலும் முடியாது. நிறுவனப் பணியாளரிடம் மருத்துவ உதவி கேட்கலாம். நிலம், இழப்பீடு, விபத்து பற்றிய வழக்கைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ தொழிற்சங்கத்திடமோ கொண்டு போவதே அறிவுடைமை.

பேசுவதற்கு ஆளே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதும் இங்கேயே தெரிந்தது. 2025 செப்டம்பரில் காட்டுப்பள்ளியில் தங்கியிருந்த வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் குடியிருப்பில் தவறி விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டுக் கூடிய சக தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் இடையே மோதலாகி, கல்லும் கண்ணீர்ப்புகையும் பறந்தன. தொழிலாளர் இழப்பீட்டு உரிமை 1923 முதல் இந்நாட்டில் சட்டமாக இருந்துவருகிறது. இறந்தவரின் ஊருக்குத் தகவல், உடலை அனுப்பும் ஏற்பாடு, கோரிக்கை மனு, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அந்த முறையை இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லக்கூடிய ஒருவர் விடுதி வாசலில் இருந்திருந்தால் துக்கம் வேறு வழியில் போயிருக்கும். கல்லெறிந்தது குற்றம்தான். கேட்க வாசல் இல்லாத இடத்தில் கேள்வி அந்த உருவத்தை எடுத்ததற்கு அவர்கள் மட்டும் பொறுப்பாக மாட்டார்கள்.

பெறுபவரே பணியாளராகும் முன்மாதிரி இதே மாவட்டத்திலேயே உண்டு. கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் தமிழகத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021 முதல் இத்தகைய முகாம்கள் மறுவாழ்வு முகாம் என்று அழைக்கப்படுகின்றன. 1984இல் செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியருக்கு ஏதிலியரே பணி செய்வது என்ற நெறியில் நடந்தது. முகாமில் வளர்ந்தவர்களைச் சுகாதாரப் பணியாளராகவும் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் பழக்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையோர மக்களுக்கு உதவவும் அந்த ஏதிலியர் போனார்கள். பதிவு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர், எதிரே நிற்பவரிடம் எந்தக் கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது என்பதைப் பாடமில்லாமலே அறிவார். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்தும், இருளர் குடியிருப்புகளிலிருந்தும், தொழிலாளர் விடுதிகளிலிருந்தும் இளைஞர்கள் சமூகப்பணி படித்து அதே இடங்களுக்குப் பணியாளராகத் திரும்ப அரசு உதவித்தொகையும் பணியிடமும் ஒதுக்குவது, இந்தப் பகுதியில் உடனே செய்யக்கூடிய காரியம்.